கலைச்சொல்: ஹம்பக்கர் – இரைச்சல்நீக்கியா, முரல்முறியா?

> ஹம்பக்கர் = இரைச்சல்நீக்கி. இதற்கு மேல் என்ன விவாதம் வேண்டியிருக்கிறது? படித்ததும் புரிகிறதே.

ஐயா, வணக்கம். ஹம்பக்கருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன், அதற்கு நீங்கள் தந்த பதில்தான் மேலே இருப்பது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம் பிக்கப். அதில் ‘ம்ம்ம்’ என்ற மின் இரைச்சல் எழாதபடி செய்த வகைதான் ஹம்பக்கர்.

படித்ததும் புரியும்தான். ஆனால் வேறு எதையோ புரிந்துகொள்வார்கள் என்பது என் தரப்பு. இந்தச் சொல்லை நான் அகராதிக்காகக் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் கிட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மாலையில் வந்து வேலை பழகுகிறார்கள். வீட்டில் ஆங்கிலம், வகுப்பில் மட்டும் தமிழ் என்று வளர்கிறவர்கள். அவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன்: பழம்பாணி எலெக்ட்ரிக் கிட்டாரை எப்படி மேம்படுத்துவது, எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று. பக்கத்துக்குப் பக்கம் இந்த ஹம்பக்கர் வந்து நிற்கிறது. சொல் தவறினால் பிள்ளை தவறான பாகத்தைக் கழற்றுவான்.

‘பழம்பாணி’ என்று நான் சொல்வது 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் அச்சில் இன்றைக்குச் செய்யப்படும் கிட்டார்களை. மூன்று ஒற்றைச்சுருள் பிக்கப், அதாவது ஒரே கம்பிச்சுருள் உள்ளவை. ஒவ்வொன்றிலும் அல்நிக்கோ என்ற உலோகக்கலவையில் செய்த ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் பருமனில் செம்புக் கம்பி, ஏறத்தாழ 8,000 சுற்று. மணி மணியான ஒலி. கூடவே ஓயாத ஒரு ‘ம்ம்ம்’. கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறவர்கள் இதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துச் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: “அண்ணா, இரையுது. ஆனா கட்டையில கை வைக்கக் கூடாது.” கட்டை என்பது கிட்டாரின் மர உடல், அதை வெட்டவோ குடையவோ கூடாது என்கிறார்கள்.

இந்த ‘இரையுது’வுக்குள் நாலைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. முதல் வேலை அதைப் பிரித்துக் கேட்பது.

குமிழைத் திருகும்போது மட்டும் வருவது கரகரப்பு. உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற மாறுமின்தடையில் அழுக்கு ஏறியிருக்கும். கடலோரம் ஆகையால் இங்கே இது சர்வசாதாரணம். கழுவினால் போகும், போகாவிட்டால் மாற்ற வேண்டும். ஒலியைக் கூட்டினதும் கீச்சென்று கத்தினால் சுருளின் கம்பி தளர்ந்து தானே அதிர்கிறது என்று பொருள். பிக்கப்பைக் கழற்றி மெழுகில் முக்க வேண்டும். மெழுகு 65 டிகிரி செல்சியசைத் தாண்டிவிட்டால் பிளாஸ்டிக் சட்டம் நெளிந்துவிடும். ‘ஸ்ஸ்’ என்ற சீறல் பெரும்பாலும் ஆம்பிளிஃபயருடையது. அதற்குக் கிட்டாரைக் கழற்றுவது வீண் வேலை.

அடுத்தது ‘ஸ்ர்ர்’ என்ற அரிப்பு. மண்டபத்து டிம்மர், பழைய டியூப்லைட், மின்வெட்டு நேரத்தில் ஓடும் மலிவான இன்வர்ட்டர் எல்லாம் இதைக் கிளப்பிவிடும். கிட்டாரின் இசைக்கம்பிகளின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். வைத்ததும் அடங்கினால் அது மின்புலம் வழியாக வருவது. நம் உடம்புதான் ஆன்டெனா. கிட்டாரின் உள்குழிக்குச் செம்புத்தாள் ஒட்டி, அதைத் தரையோடு (எர்த்) இணைத்துவிட்டால் பெருமளவு தீரும்.

கடைசியில் அந்த ‘ம்ம்ம்’. கை வைத்தாலும் அடங்காது. ஆனால் வாசிக்கிறவர் கிட்டாரோடு மெல்லத் திரும்பினால், ஒரு திசையில் ஏறும், ஒரு திசையில் ஏறக்குறைய மறையும். மேடையில் சிலர் எப்போதும் சுவரைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கூச்சம் என்று நினைக்க வேண்டாம், சத்தம் குறைகிற திசையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இது மின்மாற்றிகளிலிருந்தும் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளிலிருந்தும் காந்தப்புலமாக வந்து சுருளுக்குள் நுழைவது. தென்னாப்பிரிக்க மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50, கீழ் ஜி சுரத்தின் 49 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸோ பி-ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் எங்கேயோ தொங்கும். ஜி-யில் பாடுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் சுருதிப்பெட்டி இலவசம்.

செம்புத்தாள் இந்த ‘ம்ம்ம்’மைத் தொடாது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய செம்பைத் துளைத்துக்கொண்டு போகும். பணம் கொடுத்துத் தாள் ஒட்டிவிட்டு, ‘இன்னும் இரையுதே’ என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்தச் சண்டை தீராது.

ஆக, ‘இரைச்சல்’ பொதுப்பெயராக இருக்கட்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் தனிச்சொல் வேண்டும். ‘முரல்’ என்று வைக்கலாம் என்கிறேன். வண்டு முரல்வதும் யாழ் முரல்வதும் பழைய பாட்டில் இருக்கிறது. ஒரே சுருதியில் தொடர்ந்து நிற்கும் தாழ்ந்த ஒலி என்ற பொருள் அதில் ஏற்கெனவே உண்டு. ‘ரீங்காரம்’ என்று இன்னொருவர் சொன்னார். அது காதுக்கு உயர்ந்த சுருதியாகப் படுகிறது, கொசுவை நினைவூட்டுகிறது.

இனி, ‘நீக்கி’. ஹம்பக்கர் எதையும் நீக்குவதில்லை, வடிகட்டுவதும் இல்லை. வடிகட்டி என்றால் கிட்டாரில் அது டோன் குமிழோடு இருக்கும் மின்தேக்கி: உயர்சுரங்களைத் தரைக்குத் திருப்பிவிட்டு ஒலியை மங்கலாக்கும். தடுப்பி, கவசம் என்றால் செம்புத்தாள். இந்தப் பெயர்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ஹம்பக்கர் செய்வது இதுதான். இரண்டு சுருள்கள். ஒன்றின் சுற்று மற்றதற்கு எதிர், காந்தமுனையும் எதிர். இசைக்கம்பி அதிர்ந்து பிறக்கும் மின்னழுத்தம் காந்தமுனையால் ஒருமுறை புரளும், சுற்றின் திசையால் இன்னொருமுறை புரளும். இரண்டு முறை புரண்டது நேராகிவிடும், ஆகவே இரு சுருள்களின் ஒலியும் கூடும். வெளியிலிருந்து வரும் முரலுக்கு உள்ளிருக்கும் காந்தத்தைப் பற்றிக் கவலையில்லை. அது சுற்றின் திசையால் ஒரே ஒருமுறை மட்டும் புரள்கிறது. ஆகவே ஒரு சுருளில் வந்த முரலும் மறுசுருளில் வந்த முரலும் மோதி மடியும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இதைச் செய்து 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற ஒட்டுச்சீட்டோடு வெளிவந்த அந்தக் காலத்துப் பிக்கப்புகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், விடுங்கள்.

முரலுக்கு எதிராக முரலையே நிறுத்துகிற இந்த வேலைக்குத் தமிழில் ஒரு வினை தயாராக இருக்கிறது: முறித்தல். பித்தத்தை முறிக்கும் என்கிறோம். விஷமுறிவு மருந்து என்கிறோம். அங்கே விஷத்தை யாரும் வடிகட்டி எடுப்பதில்லை. எதிராக ஒன்றை உள்ளே அனுப்பி அதன் வேலையைக் கெடுக்கிறார்கள். ஆகவே என் முன்மொழிவு: முரல்முறி.

சாட்ஸ்வொர்த்திலிருந்து, அன்புடன்.

——

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மறுமொழி:

> ஆகவே என் முன்மொழிவு: முரல்முறி.

அண்ணை, விளக்கம் நல்ல வடிவாய் இருக்கு. ஆனா எங்கட ஊரில முரல் எண்டால் மீன். நீட்டு மூக்கு மீன், பொரிச்சால் தனி ருசி. முரல்முறி எண்டு அம்மாவுக்குச் சொன்னால் மீன் வெட்டுற கத்தி எண்டுதான் நினைப்பா. உறுமல்முறி எண்டு வைச்சால் என்ன? உறுமல் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லுத்தானே.

——

மொரீசியசிலிருந்து, ரோஸ் ஹில்லில் தமிழ் கற்பிக்கும் ஒருவர்:

நண்பர்களே, இரண்டு குறிப்புகள். ஒன்று, லகர ஈற்றின் முன் மகரம் வந்தால் னகரமாகத் திரியும். கல்+மலை கன்மலை ஆவதுபோல, முரல்+முறி ‘முரன்முறி’ என்றாக வேண்டும். இரண்டு, ஏன் இவ்வளவு சுற்றி வர வேண்டும்? ஏற்கெனவே ‘ஒற்றைச்சுருள்’ என்று எழுதுகிறீர்கள். இதை ‘இரட்டைச்சுருள்’ என்றால் வகுப்பில் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்களே.

——

மீண்டும் சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தம்பி, மீன் சங்கதி எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயும் தூண்டிலும் கையுமாகக் கடற்கரையில் நிற்கிறவர்கள்தான் பாதிப் பேர். ஆனால் ஒரு சொல் இரண்டு இடத்தில் வேலை செய்வது தமிழுக்குப் புதிதில்லை. தந்தி என்றால் வீணையிலும் இருந்தது, தபால் நிலையத்திலும் இருந்தது, யாரும் குழம்பவில்லை. மீன்கடையில் நின்று ஹம்பக்கர் கேட்கிறவன் வந்தால் பார்த்துக்கொள்வோம்.

‘உறுமல்முறி’ மட்டும் கூடவே கூடாது. கடைக்கு வந்து ஹம்பக்கர் போடச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் கேட்பதே உறுமலைத்தான்! இரு சுருள்களின் ஒலி கூடுவதால் அடர்த்தியான, வலுவான ஒலி வருகிறது. ஆம்பிளிஃபயரை முடுக்கினால் அது உறுமும். உறுமல்முறி என்று எழுதி விற்றால் திருப்பிக் கொண்டுவந்து தருவார்கள்.

ஐயா, ‘இரட்டைச்சுருள்’ எனக்கும் ஆசைதான். ஆனால் அது உருவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. பழம்பாணிக் கிட்டாரில் இந்த இரண்டும் அடிக்கடி பிரிந்துபோகும். பிரிசிஷன் பேஸ் என்ற நாலு கம்பி பேஸ் கிட்டாருக்கு 1957-ல் வந்த பிக்கப் இரண்டு துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டுக்கு இரண்டு கம்பி. எந்தக் கம்பிக்கும் பெரும்பாலும் ஒரு சுருள்தான் காது கொடுக்கிறது. ஆனாலும் முரல் முறிகிறது. மறுபக்கம், முழு அளவு ஹம்பக்கரில் ஒரு சுருளை மட்டும் துண்டித்து மெல்லிய ஒலி எடுக்க விசை வைக்கிறார்கள். விசையை இழுத்ததும் சுருள் இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன, ஆனால் முறிப்பு போய்விடுகிறது, ‘ம்ம்ம்’ திரும்பி வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பழைய ஸ்ட்ராடோகாஸ்டரில் எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் விசைக்கு மூன்று நிலைதான். வாசிக்கிறவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் செருகி நிறுத்தி இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்க வைத்தார்கள். 1977-ல்தான் தொழிற்சாலையே ஐந்து நிலை விசையைப் பொருத்தியது. நடுப் பிக்கப்பை மட்டும் எதிர்ச்சுற்று, எதிர்முனையோடு செய்துவிட்டால் அந்த இரண்டு இடைநிலைகளிலும் முரல் முறிந்துவிடும். அங்கே ஹம்பக்கர் என்று ஒரு பாகமே கிடையாது! தனித்தனி ஒற்றைச்சுருள்கள்தான். ‘இடைநிலைகளில் முரல்முறிப்பு உண்டு’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ‘இடைநிலைகளில் இரட்டைச்சுருள் உண்டு’ என்று எழுதினால் பிள்ளை மூடியைத் திறந்து தேடிக்கொண்டிருப்பான்.

கட்டையில் கை வைக்கக் கூடாது என்றவருக்கும் இதே சொல்தான் கை கொடுக்கிறது. முழு அளவு ஹம்பக்கர் ஒற்றைச்சுருள் குழியில் நுழையாது. உளி வைத்துக் கட்டையைக் குடைய வேண்டும். குடைந்தால் குடைந்ததுதான். ஆகவே ஒரு சுருளின் அடியில் இன்னொரு சுருளை அடுக்கிச் செய்தவை வருகின்றன. மேல்சுருள் கம்பியைக் கேட்கும், கீழ்ச்சுருள் பெரும்பாலும் முரலை மட்டும் கேட்கும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய பிக்கப் மாதிரியே ஆறு காந்தத் தலைகள். இதை ‘அடுக்கு முரல்முறி’ என்கிறேன். கொஞ்சம் மணி ஒலி குறையும், அதை மறைக்காமல் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், நல்ல ஒற்றைச்சுருள் உள்ள கிட்டாரில் முதலில் நடுப் பிக்கப்பை மாற்றிப் பார்க்கலாம், செம்புத்தாள் ஒட்டலாம். அதன் பிறகும் தொல்லை என்றால்தான் அடுக்குக்குப் போக வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை உறையில் போட்டு, பெயர் எழுதி, கிட்டாரோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். இது கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

புணர்ச்சி பற்றி: இலக்கணம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் ‘முரன்முறி’ என்று எழுதினால் இங்கே எல்லாரும் ‘முரண்’ என்றுதான் படிப்பார்கள். எதிர்ச்சுற்று, எதிர்முனை என்று ஏற்கெனவே முரண்கள் நிறைந்த பக்கம் அது. விட்டிசைத்து ‘முரல்முறி’ என்றே எழுத அனுமதி கொடுங்கள்.

பிக்கப்பையும் தமிழாக்கச் சொல்லி முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது. ‘ஒலிவாங்கி’ வேண்டாம், அது மைக்குக்குப் போய்விட்டது. மேலும் இது ஒலியைக் கேட்பதே இல்லை, காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி அசைவதைத்தான் உணர்கிறது. நைலான் தந்தி பூட்டினால் ஊமையாகிவிடும். நல்ல சொல் கிடைக்கும்வரை பிக்கப் பிக்கப்பாகவே இருக்கட்டும்.

வேறு மறுப்பு இல்லையென்றால் கையேட்டின் சொற்பட்டியலில் இப்படிப் போகிறது:

முரல் – மின்வலையிலிருந்து காந்தப்புலம் வழியே சுருளில் ஏறும் தாழ்சுருதி ஒலி. இங்கே 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்.
முரல்முறிப்பு – எதிரெதிராகச் சுற்றிய சுருள்களால் முரலை முரலோடு மோதவிட்டு அழித்தல்.
முரல்முறி – அந்த வேலைக்கென்றே செய்த பிக்கப். முழு அளவு ஒன்று, அடுக்கு ஒன்று. முழு அளவுக்கு 500 கிலோ ஓம் குமிழ், ஒற்றைச்சுருளுக்கு 250 என்பது வழக்கம். பிக்கப்பை மாற்றும்போது அதையும் பார்க்கவும்.