ரெனோ 5 ஜிடி டர்போ, டொயோட்டா ஜிஆர் யாரிஸ்: இரண்டு கார்களையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

மலைப்பாதை:
இரண்டு வாரமாக அந்த ஒரு வளைவு மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். பிரான்ஸில் நீஸ் நகருக்கு மேலே, கோல் து துரினி கணவாய்க்கு ஏறும் சாலை. காலையில் நண்பரின் 1988 ரெனோ, மதியம் மைத்துனரின் யாரிஸ், அதே கொண்டை ஊசி வளைவு. ரெனோவில் இரண்டாம் கியரில் வளைவை முடித்து முழுக்க மிதித்தேன். ஒன்றும் இல்லை. மிதித்தபடியே காத்திருக்கிறேன். 3000 ஆர்பிஎம் தாண்டியதும் விசில் சத்தம் ஏறி, டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் துள்ளி, பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்த வண்டியின் ஸ்டீயரிங் இரண்டு கையையும் பிடித்து இழுத்தது. 120 குதிரைத்திறன்தான், ஆனால் வண்டியே 850 கிலோ சுற்றித்தானே. யாரிஸ் 261, நான்கு சக்கரமும் இழுக்கிறது, மிதித்த உடனே வளைவு பின்னால் போய்விட்டது. வேகம் யாரிஸ்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது ரெனோவில்.

லியோன்காரன்:
அந்தக் காத்திருப்பை இவ்வளவு உயர்த்திப் பேசாதீர்கள் நண்பரே. 1994இல் மழையில் ஒரு ரவுண்டானாவில் நான் அவசரப்பட்டு மிதித்தேன், ஸ்டீயரிங்கைத் திருப்பிய பாதியில் பூஸ்ட் வந்தது, முன்சக்கரம் இரண்டும் வழுக்கி நேராக நடைபாதைக் கல்லில். போன ஜனவரியில் ஜூரா மலைப் பனியில் யாரிஸை ஸ்போர்ட் மோடில் போட்டேன். இழுவையில் 70 சதவீதம் பின்சக்கரங்களுக்குப் போகிறது, பின்பக்கம் மெதுவாக விலகியது, காலால் மிதிக்கிற அளவுக்கு அப்படியே சொன்னபடி கேட்டது. அதில் உயிர் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ரேலிக்காகவே தனியாக மூன்று கதவு உடல், கார்பன் கூரை என்று செய்த வண்டி அது.

ஸ்பானர்:
ரேலி என்றால் ரெனோவை விடக் கூடாது. 1989 ஐவரி கோஸ்ட் ரேலியை அலான் ஓரேய் வென்றது குரூப் என் ஜிடி டர்போவில், அதாவது கடையில் விற்கும் வண்டியை அதிகம் மாற்றாமல் ஓட்டும் பிரிவில். உலக ரேலிப் பந்தயம் ஒன்றை முழுதாக வென்ற ஒரே குரூப் என் வண்டி அதுதான்.

என் கதை சின்னது. நான் வாங்கிய ரெனோவில் முன்பு வைத்திருந்தவர் பூஸ்டை ஏற்றி விட்டிருந்தார், எனக்குத் தெரியாது. என்ஜின் ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டனில் பட்டாணி அளவு ஓட்டை. இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மலைப்பாதை, உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அதில் டர்போ காற்றை கார்புரேட்டருக்குள்ளேயே அழுத்தி ஊதுகிறது. பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் கொஞ்சம் தூசி அடைத்தாலும் பெட்ரோல் குறையும், குறைந்தால் உள்ளே சூடு ஏறும், பிஸ்டன் உருகும். காய்ந்துபோன வாக்குவம் குழாய்களை எல்லாம் மாற்றட்டும். மலை ஏறி வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது, ஒரு நிமிஷம் ஐடிலில் விடட்டும், இல்லையென்றால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகிவிடும். சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் ஆவியாகியிருக்கும், அணைத்த பிறகும் கார்புரேட்டர் மேல் ஊதுகிற அந்தச் சின்ன ஃபேன் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கட்டும். அப்புறம் ஸ்பார்க் பிளக். இளம்பழுப்பு நிறம் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைந்து உள்ளே சூடு ஏறுகிறது என்று அர்த்தம், அன்று வண்டியை எடுக்கவே வேண்டாம்.

மலைப்பாதை:
நேற்று நண்பரும் நானும் கழற்றிப் பார்த்தோம் ஸ்பானர். மூன்று பழுப்பு. ஒன்று சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது.