மறு: ‘கற்றல் மாற்றம்’ என்பதற்கு வேறு சொல்

அன்பர்களே, வணக்கம். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் உதவுவதை (transfer of learning) ‘கற்றல் மாற்றம்’ என்கிறோம். அதற்கு வேறு சொல் வேண்டும் என்ற என் கேள்விக்கு வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

> ‘கற்றல் மாற்றம்’ பி.எட். புத்தகங்களில் நிலைத்துவிட்டது. இனி ஏன் கலைக்க வேண்டும்?

நிலைத்தது உண்மைதான் ஐயா. ஆனால் ‘கற்றல் என்பது நடத்தையில் ஏற்படும் மாற்றம்’ என்றும் அதே பி.எட். பாடம்தான் சொல்லித்தருகிறது. இரண்டு மாற்றமும் ஒன்றா என்று பயிற்சி மாணவர்கள் கேட்கிறார்கள். ‘இடமாற்றம்’ என்று போட்டுப் பார்த்தேன். ஆசிரியர் கலந்தாய்வு ஞாபகம் வந்து வகுப்பே சிரித்தது.

> எங்கள் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ‘கற்றல் மறுகால்’ எனலாமே.

நல்ல மண்வாசனைச் சொல். பொருள்தான் இடிக்கிறது. மறுகால் யாரும் திறந்துவிடாமலே பாயும். படிப்பு அப்படிப் பாய்வதில்லை. 1901இல் உளவியலாளர்களான தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் செவ்வகங்களின் பரப்பை மதிப்பிடப் பயிற்சி கொடுத்துவிட்டு, வேறு வடிவங்களைக் காட்டிச் சோதித்தார்கள். முன்னேற்றம் சொற்பமே.

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரை ஆயுட்காலக் கணக்கை (கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய ஆகும் காலம்) தப்பில்லாமல் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்று 2019 அறிக்கை சொன்னதும் அவர்களுக்குத் தெரியும். இந்தக் காலக் கணிப்புக்கு உதவும் கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5730 ஆண்டு. அப்படியானால் அந்த மாதிரியில் கார்பன்-14 எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று யாராவது கேட்டால்தான் இரண்டும் சந்திக்கின்றன. (முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு.) கேட்காவிட்டால் அது இயற்பியல் நோட்டில், இது வரலாற்று நோட்டில்.

ஆகவே, செய்பவர் யார் என்பது தெரிகிற சொல்லாக வேண்டும். என் பரிந்துரை: எடுத்தாளல். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் எடுத்து ஆள்வது. வினையாகவும் தடங்கலின்றி வரும்: ‘மடக்கையை நிலநடுக்க அளவுகோலில் எடுத்தாண்டாள்.’ இதையே ‘கற்றல் மாற்றத்தை நிகழ்த்தினாள்’ என்று எழுதிப் பாருங்கள், கை கூசும்.

ஒரே பாடத்துக்குள் என்றால் அண்மை எடுத்தாளல், துறை தாண்டினால் சேய்மை எடுத்தாளல். சுட்டெழுத்து படித்த பிள்ளைக்கு இந்த அண்மையும் சேய்மையும் புதிதல்ல.

மேற்கோள் காட்டுவதற்கும் இச்சொல் புழங்குகிறதே என்பீர்கள். குழம்பும் இடத்தில் ‘கற்றல் எடுத்தாளல்’ என்று எழுதிக்கொள்ளலாம். ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிட்டுப் பாடங்களைச் சேர்ப்பது வேறு. அதற்குப் ‘பாட இணைப்பு’ போதும்.

காரைக்குடி அம்மா சொன்ன ‘தாவல்’ எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கணினிக்காரர்கள் அதை ‘டேப்’ (tab) என்பதற்கு முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அன்புடன்,
அனுப்பானடியிலிருந்து