அம்மாவின் மறதிக்கும் வராத பில் பணத்துக்கும் ஒரே பொறுமையா?

திருப்பூர் ஜாப்வொர்க்:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன், பெரிய கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப்வொர்க். சி.எஸ்.ஐ. சபை. பைபிளில் கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தின் ஆவியின் கனியை வாராவாரம் ஒவ்வொன்றாக எடுத்து ஆயர் பேசி வருகிறார், போன ஞாயிறு நீடிய பொறுமை. நல்ல செய்திதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் அதை எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு மறதி நோய். "அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பா இறந்து வருடக்கணக்காகிறது. திரும்பத் திரும்பப் பதில் சொல்லும்போது என் குரல் ஏறுகிறது, அவர்கள் முகம் வாடிவிடுகிறது. யூனிட்டில் வேறு கதை. வேலை கொடுத்த ஒரு பார்ட்டி மாதக்கணக்கில் பில் பணம் தராமல் "அடுத்த வாரம்" என்றே ஓட்டுகிறார், எனக்கோ சனிக்கிழமையானால் டெய்லர், அவருக்குக் கூட உதவுகிற கைமடி எல்லோருக்கும் சம்பளம் போட்டாக வேண்டும். ஜெபக்குழுவில் சொன்னால் இரண்டுக்கும் ஒரே பதில், "பொறுத்துக்கோங்க பிரதர், கர்த்தர் பாத்துக்குவார்." நிஜமாகவே இரண்டும் ஒன்றுதானா? அன்றாடம் இதை எப்படிப் பழகுகிறீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கருமத்தம்பட்டி அக்கா:
தம்பி, நான் அம்மா விஷயம் மட்டும் சொல்கிறேன், என் மாமியாரை இதே நோயோடு வைத்துப் பார்த்தவள். அப்பா இறந்ததைச் சொல்லித் திருத்தவே வேண்டாம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர்களுக்கு அது புதுச் சாவு, அப்போதுதான் கேட்கிற மாதிரி அழுவார்கள். "அப்பாவை நெனச்சுட்டீங்களா, அவருக்கு என்ன கொழம்பு புடிக்கும்?" என்று பேச்சை அவரைப் பற்றியே திருப்பிவிடுங்கள். அவர்கள் கேட்பது தகவல் இல்லை, ஆள் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதுதான் என்று எனக்குப் போகப்போகப் புரிந்தது. பல பேருக்குச் சாயங்காலம் பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு அதிகமாகும், அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து, சீக்கிரமே விளக்குப் போட்டுவிட்டால் கொஞ்சம் அடங்கும். அப்புறம் இரவு பகலாக நீங்களோ உங்கள் வீட்டுக்காரம்மாவோ மட்டும் பார்க்காதீர்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் முறை போட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் இல்லாத ஆளிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் சீராக் நூல் 3:12, 13 எடுத்துப் பாருங்கள். முதுமையில் தந்தையைப் பேணு, அவருடைய அறிவு மங்கினாலும் பொறுத்துப்போ, நீ பலத்தோடு இருக்கிறாய் என்பதற்காக அவரை இகழாதே என்று இருக்கிறது. இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பு எழுதியது. அந்தக் காலத்திலும் ஒரு வீட்டில் ஒருத்தர் கேட்டதையே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், மகன் பல்லைக் கடித்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறைக்குள் நுழையும் முன்பு "ஆண்டவரே, என் வாய்க்குக் காவல் வையும்" என்று சங்கீதம் 141-ல் இருக்கிற ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுப் போவேன். நீளமான ஜெபத்துக்கு அங்கே நேரம் இருக்காது.

கோபி பண்ணையம்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. பணத்து விஷயத்துக்கு நான் வருகிறேன். யாக்கோபு 5:7-ஐ எல்லோரும் சொல்வார்கள், பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் காத்திருக்கிறான் என்று. அந்த நாட்டில் ஐப்பசி வாக்கில் விதைப்பு மழை, பங்குனி வாக்கில் கதிர் முற்றும் மழை. இங்கே நாங்கள் பவானிசாகர் அணையையும் கீழ்பவானி வாய்க்காலையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறோமே, அதே நிலைமைதான். மஞ்சள் வைத்தால் வெட்ட ஒன்பது மாதம். காத்திருக்கிறோம் என்று கட்டிலில் படுத்தா இருக்கிறோம்? களை எடுக்கணும், மண் அணைக்கணும், ராத்திரியில் முறைத் தண்ணீர் வந்தால் எழுந்து போய்க் கட்டணும். நம் கையில் இல்லாததற்குப் பொறுமை, கையில் இருப்பதற்கு வேலை.

அதைவிட முக்கியம், மூன்று வசனம் மேலே போங்கள். 5:4-ல் வயலை அறுத்த வேலைக்காரருடைய கூலியைப் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அது கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய காதில் விழுந்தது என்று பணக்காரரைப் பார்த்து யாக்கோபு கத்துகிறார். அந்தக் கூலி கிடைக்காத ஜனங்களுக்குத்தான் அடுத்து "நீடிய பொறுமையாயிருங்கள்" என்கிறார். கூலியைப் பிடித்தவனைச் சும்மா விட்டுவிட்டு, இழந்தவனுக்கு மட்டும் புத்தி சொல்கிற அதிகாரம் இல்லை அது. 11-ஆம் வசனத்தில் யோபின் பொறுமையைச் சொல்கிறார், அந்த யோபு எவ்வளவு பேசினார், தேவனிடமே எவ்வளவு வழக்காடினார்! வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தது நாம்தான்.

ஈரோடு விசுவாசி:
பிரதர், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 1 கொரிந்தியர் 6:7-ல் வழக்குக்குப் போவதைவிட ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் நேராகவே கேட்கிறார். நோட்டீஸ், கேஸ் என்று இறங்கினால் மனசில் கசப்புதான் ஏறும். நான் அதை என் சொந்தக்காரர்களிடமே பார்த்திருக்கிறேன்.

கோபி பண்ணையம்:
கசப்பு ஏறும் என்பது உண்மைங்க, அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் பவுல் பேசுவது ஒரே சபைச் சகோதரர்களின் வழக்கைப் பற்றி. அப்புறம், இங்கே நஷ்டம் யாருடையது? தன் லாபத்தை விட்டுக்கொடுப்பதென்றால் அவர் தாராளமாகப் பொறுக்கலாம், நல்லதும்கூட. பவர்டேபிள் தையல் மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்து தைத்தவரின் வாரச் சம்பளத்தை வைத்து அவர் பொறுமை காட்ட முடியாது. அது அவருடையது இல்லை.

திருப்பூர் ஜாப்வொர்க்:
அண்ணா, இப்படி யாரும் எனக்குப் பிரித்துச் சொன்னதில்லை. அக்கா, நேற்று சாயங்காலம் அம்மா கேட்டபோது அப்பாவுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பைப் பற்றிக் கேட்டேன், ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்ட்டி விஷயத்தில் சண்டை போடாமல், அதே சமயம் விடாமல் கேட்பது எப்படி?

அவிநாசி ஆடிட்டர் ஆபீஸ்:
பில் வாரியாகத் தேதியும் தொகையும் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். போனில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இரண்டு பேரையும் சூடேற்றுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில் போட்டதற்கு முன்பே உங்களுக்கு உத்யம் என்கிற சிறுதொழில் அரசுப் பதிவு இருந்ததா என்று முதலில் பாருங்கள், இருந்தால் வராத பணத்துக்காக அரசு வைத்திருக்கும் இணையதளத்திலேயே மனு போடலாம். அங்கே முதலில் பேசித் தீர்க்கத்தான் முயற்சி செய்வார்கள், எடுத்தவுடன் சண்டை இல்லை. கடிதத்தில் கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். அவரும் மேலே சரக்கு வாங்குகிற ஒரு பையரிடம் பணம் வராமல் மாட்டிக்கொண்டு இருக்கலாம், அப்படியானால் மாதம் இவ்வளவு என்று தவணை கேளுங்கள், அதில் உங்கள் ஆட்கள் சம்பளத்துக்கான தொகை முதலில் வரட்டும்.