மறு: தடைக்குப் பின் ஒளிந்து வருவதற்குச் சொல்: ‘கள்ளவரவு’

குழுவினருக்கு வணக்கம். இணையக் களத்திலிருந்து விலக்கப்பட்டவர் வேறு பெயரில் ஒளிந்து திரும்பி வருவதற்கு ‘கள்ளவரவு’ என்ற சொல் பொருந்துமா என்ற பேச்சில், வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘தடைமீறல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, வேறொன்றாகப் புரியும். நாளிதழில் ‘தடையை மீறி ஊர்வலம்’ என்று படிக்கிறோமே, அங்கே மீறுகிறவர் முகத்தைக் காட்டிக்கொண்டு, கைதாகவும் ஆயத்தமாக வருகிறார். நாம் பெயர் தேடுவது முகத்தை மறைத்து வருபவருடைய செயலுக்கு. ‘தடைதாண்டல்’ இன்னும் மோசம். விளையாட்டுப் பக்கத்தில் தடை தாண்டி ஓடியவருக்குப் பதக்கம் தருவார்கள்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழங்கதைகளைப் பேசும் இணையக் களம் ஒன்றுக்கு நான் நெறியாளர். 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயிலைப் பற்றிய பேச்சில், ஒருவர் எதிர்த்துப் பேசியவரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். விலக்கினோம். சில நாளில் வேறு பெயரில் மிகப் பணிவான ஒருவர் சேர்ந்தார். ஆனால் ‘வண்ணாரபேட்டை’ என்று ஒற்றை விழுங்குவது, காற்புள்ளிக்கு முன்னால் இடம் விட்டுப் பின்னால் ஒட்டி எழுதுவது, பத்திக்குப் பத்தி ‘ஆகையினால்’ என்று தொடங்குவது எல்லாம் பழையவருடையவை. பணிவு மட்டும் புதிது. அதுவும் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

அவருடைய இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, அதாவது ஐபி முகவரியை, அடைக்கச் சொன்னார்கள், அடைத்தோம். அவர் செல்பேசி இணைப்பை அணைத்துப் போட்டு வேறு முகவரியில் வந்துவிட்டார். மாட்டிக்கொண்டவர்கள் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருந்த அப்பாவி உறுப்பினர்கள். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். போதாததால் செல்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பெருங்கூட்டத்தை நிறுத்துகின்றன. முகவரியை அடைத்தால் அடைபடுவது தெருவே. ஆகவே நம் சொல்லில் ‘முகவரி’, ‘கணக்கு’ எதுவும் வரக்கூடாது என்பது என் கட்சி. விலக்கப்பட்டவர் ஓர் ஆள்; அந்த ஆள் திரும்பி வருவதுதான் குற்றம்.

‘கைப்பாவை’யும் இதற்குப் பொருந்தாது. தன் கருத்துக்குத் தானே கைதட்ட ஒருவர் பல கணக்குகள் வைத்திருப்பது அது. தடையே இல்லாதவரும் அதைச் செய்யலாம்.

> ‘கள்ள’ வேண்டாம். ‘கள்ளத்தோணி’ என்று மலையக மக்களை இழிவுபடுத்தியதை நாங்கள் மறக்கவில்லை.

இலங்கை நண்பரின் மறுப்பை நான் தள்ளிவிட மாட்டேன். அங்கே அந்தச் சொல்லை மனிதர்கள்மேல் ஒட்டினார்கள். எனவே ‘கள்ளவரவாளர்’ என்று ஆளுக்குப் பெயர் கட்ட வேண்டாம், செயலுக்கு மட்டும் இருக்கட்டும். அவர் தந்த ‘கரந்துவரல்’ (மறைந்து வருதல்) அழகான சொல். ஆனால் நெறியாளர் அறிவிப்பில் அதைப் போட்டால் அகராதியையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். கள்ள ஓட்டு என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை: இன்னொருவர் பெயரைச் சொல்லி உள்ளே நுழைவது. நல்வரவுக்கு எதிரே கள்ளவரவு, காதுக்கும் பொருந்துகிறது.

கூடவே ‘மறுவரவு’ என்றொரு சொல்லும் வேண்டும். தடைக்காலம் முடிந்தோ, முறையிட்டு அனுமதி பெற்றோ சொந்தப் பெயரில் திரும்புகிறவர்களுக்கு. இப்போது இரண்டையும் ‘திரும்பி வந்துவிட்டார்’ என்றே எழுதுகிறோம். அதைப் படித்தவுடன் உறுப்பினர்கள் ஒழுங்காக வந்தவரையும் துரத்தத் தொடங்குகிறார்கள்.

எழுதியவர் கண்ணுக்கு மட்டும் பதிவைக் காட்டி மற்றவர்களுக்கு மறைக்கும் ‘நிழல்தடை’ பற்றித் தனியாகப் பேசலாம். எனக்கு அந்த உத்தியே பிடிக்காது.

விதியில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “கள்ளவரவு உறுதியானால் புதிய கணக்கு மூடப்படும், பழைய தடை முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கும்.” பெயர்ச்சொல்லாக உறுத்தவில்லை. வினையாக்கும்போதுதான் இடிக்கிறது. ‘கள்ளவரவு செய்தார்’ தமிழாக இல்லை; ‘கள்ளமாக வந்தார்’ என்றால் கலைச்சொல் கரைந்துபோகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து