மிஸ்ட் போட்டும் கேஸ் அலாரம் ஓயவில்லை, ஏன்?

துவாஸ்_தம்பி:
எங்கள் பட்டறையில் பர்னர் சோதிக்க ஓர் அடைத்த அறை இருக்கிறது, சுமார் 30 கன மீட்டர். எல்பிஜிதான். கேஸ் வெடித்தால் மிஸ்ட், அதாவது பனி மாதிரித் தூவும் நுண்ணிய நீர்த்துளிகள், அடக்கிவிடும் என்று முதலாளி எங்கோ படித்துவிட்டு, கோப்பிக்கடையில் குளிர்ச்சிக்கு மாட்டுவார்களே, அந்த மாதிரி நாசில் ஆறு மாட்டினார். எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர். நேற்று அலாரம் அடித்ததும் ஓடிப்போய் பம்பைப் போட்டேன். அறை முழுக்கப் பனிமூட்டம், அலாரம் மட்டும் ஓயவில்லை. நாசில் கோளாறா அண்ணே?

கோப்பிஓ_கொசோங்:
பம்ப் சுவிட்ச் அறைக்கு உள்ளேயா, வெளியேயா?

துவாஸ்_தம்பி:
உள்ளே.

கோப்பிஓ_கொசோங்:
ஐயோ தம்பி! எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தாலே பற்றும். அந்த சுவிட்சின் பொறி போதும். இனி அலாரம் அடித்தால் எதையும் தொடாமல் வெளியே போய் தீயணைப்புக்கு 995-ஐ அழையுங்கள்.

நாசில் நன்றாகத்தான் இருக்கிறது. புரொப்பேன் தண்ணீரில் கரைவதே இல்லை எனலாம், மிஸ்ட் அதைக் கழுவிக்கொண்டு போகாது. பற்றிய பிறகு துளிகள் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும், அவ்வளவுதான். உங்கள் அறையில் 4 சதவீதம் கேஸ் என்றால் சுமார் 2 கிலோ. எரிந்தால் ஏறக்குறைய 100 மெகாஜூல். அதில் பாதியை உறிஞ்சவே 20 லிட்டர் தண்ணீர் அந்தரத்தில் தொங்க வேண்டும், அதுவும் பற்றுவதற்கு முன்பே. உங்கள் பம்ப் எங்கே, அது எங்கே!

ஜூரோங்_நைட்ஷிப்ட்:
1988இல் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்த பிறகு நிறையச் சோதனை செய்தார்களே. கேஸ் தெரிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டால் வெடிப்பின் அழுத்தம் குறைகிறது என்றுதானே வந்தது?

கோப்பிஓ_கொசோங்:
சரிதான், ஆனால் அங்கே பக்கங்கள் திறப்பு, உள்ளே குழாய் நெரிசல். தீ தள்ளுகிற காற்றின் வேகத்தில் பெரிய துளிகள் உடைந்து பொடியாகி ஆவியாகும். சின்ன அடைத்த அறையில் அந்த வேகம் கிடைக்காது. தீயின் முகப்பு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். 10 மைக்ரான் துளி அதற்குள் ஆவியாகிவிடும், 100 மைக்ரான் துளி சும்மா கடந்து போகும். போதாததற்கு ஸ்பிரே காற்றைக் கலக்கித் தீயை முடுக்கியும் விடலாம்.

தம்பி, சென்சார் எந்த உயரத்தில்?

துவாஸ்_தம்பி:
தோள் உயரம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்று இப்போதுதான் உறைக்கிறது. அங்கேயே அடித்ததென்றால் தரையில் எவ்வளவு நின்றிருக்கும்!

எல்பிஜி ஒப்பந்தக்காரர் வந்து சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், ஹோஸ் மூட்டில் குமிழி. மாற்றியாயிற்று. சென்சார் தரைக்கு அருகே போகிறது, அது அடித்தால் வெளியே உள்ள சொலினாய்ட் வால்வு தானாக கேஸை நிறுத்தும். தரையோடு ஒட்டிப் பொறி வராத எக்ஸாஸ்ட் ஃபேனும் சொல்லியிருக்கிறோம். நாசில்கள் இப்போது கேன்டீன் வாசலில் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்கு நல்ல குளிர்ச்சி.