பழகெழில்: வாபி-சாபி அலங்காரத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பழம்பொருள்களையும் கைவினைப் பொருள்களையும் வைத்து வாபி-சாபி முறையில் (எளிமையிலும் காலம் படிந்த தோற்றத்திலும் அழகு காணும் ஜப்பானிய அழகியல்) வீட்டை அலங்கரிப்பது பற்றிய கட்டுரைக்குத் தமிழ்ச்சொல் கேட்ட மடலையும், அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். என் கருத்து கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஒலிபெயர்ப்பே போதுமே, எதற்குப் புதுச்சொல்?

ஜப்பானிய உச்சரிப்பில் இரண்டுமே குறில். அப்படியே எழுதினால் ‘வபி-சபி’ என்று வரும். ‘சபி’ என்றால் நம் வாசகருக்குச் சாபம் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். அதனால் நெடிலாக்கி ‘வாபி-சாபி’ என்று எழுதுவதை ஏற்கிறேன். கோட்பாட்டின் பெயராகக் கட்டுரையில் ஒருமுறை அது வரட்டும். ஆனால் ஒரு மரப்பெட்டியையோ மண்ஜாடியையோ பார்த்து, இதில் எது அழகு என்று சொல்ல ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

> குறையழகு என்று வைக்கலாம். நிறைவின்மை, நிலையின்மை, முடிவின்மை மூன்றும் அதில் அடங்கும்.

இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். அந்த மூன்று ‘இன்மை’களும், வெளிநாட்டு வாசகருக்கு வாபி-சாபியைச் சுருக்கிச் சொல்லும்போது வந்து சேர்ந்தவை. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. கியோட்டோவில் தைதொக்குஜி கோயிலைச் சேர்ந்த கோஹோ-ஆனில் கிஸாயெமோன் என்ற தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. கொரியாவில் பெயர் தெரியாத ஒரு குயவர் செய்தது, இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். வெளிப்பக்கம் முழுக்கச் சக்கரத்தில் விரல் ஏறிய தடம் வரிவரியாகத் தெரியும். மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு மஞ்சள் கலந்த பழுப்பு. அடிவளையத்துக்கு அருகில் அந்தப் பூச்சு சுருங்கி, மணிமணியாகத் திரண்டு நிற்கும். தேநீர்க் கலைஞர்கள் ஆசையோடு தேடிப் பார்ப்பதே அந்தத் திரளைத்தான். முதலில் குறை என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு அழகு என்று சமாதானம் சொல்வானேன்?

ஜப்பானியத் தேநீர்க் கலைஞர் ரிக்யூவின் மூங்கில் பூக்குடுவையை ஒரு நண்பர் எடுத்துக்காட்டியிருந்தார். 1590இல் ஓடவாரா முற்றுகையின்போது வெட்டியது, முன்பக்கம் பிளந்தது, நீர் கசிவது. கசிவுதான் இதன் உயிர் என்று ரிக்யூ சொன்னதாக ஒரு கதையும் உண்டு. சரி, அங்கே குறையே அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு குடுவைக்குப் பொருந்துவதை முழுப் பாணிக்கும் பெயராக்கினால் என்ன ஆகும்? புது நாற்காலியின் வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாலு இடத்தில் சுத்தியலால் தட்டி விற்கிறார்களே, அதுவும் குறையழகுதான் என்று விற்பவர் சொல்லலாம். நம் சொல்லை வைத்து அவரை மறுக்கவே முடியாது.

என் பரிந்துரை: பழகெழில்.

பழமையும் பழக்கமும் ஒரே அடியிலிருந்து வருகிறவை. புது இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோம். பழகிய கல்லில்தான் தோசை ஒட்டாமல் எழும்பும். ஜப்பானில் மண்பாண்டத்தை ‘வளர்ப்பது’ என்பார்கள். யாமகுச்சியின் ஹாகி கிண்ணங்களின் பூச்சில் மயிரிழை விரிசல்கள் வலைபோல ஓடும். அவற்றின் வழியே தேநீர் ஊறி ஊறி, வெளிறிய கிண்ணம் ஆண்டுக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே போகும். ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்றே அதற்குப் பெயர். பொருளோடு மனிதரும் பழக வேண்டும், காலமும் பழக வேண்டும். நாம் தேடும் கருத்தின் நடுப்புள்ளி இதுதான் என்று நினைக்கிறேன்.

இலக்கணமும் கைகொடுக்கிறது. பழகு + எழில் வினைத்தொகை. ஊறுகாய் போல மூன்று காலத்துக்கும் பொருந்தும்: பழகிய எழில், பழகுகின்ற எழில், பழகும் எழில். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வாபி-சாபி என்றாலே பழைய பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரிக்யூவுக்காகக் குயவர் சோஜிரோ சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்த ராக்கு கிண்ணங்கள் அன்றைக்குப் புத்தம் புதியவை. ‘இப்போது சுட்டது’ என்ற பொருளில் இமாயாகி என்றுதான் அவற்றை அழைத்தார்கள். புதிய கைவினைப் பொருளுக்கும் இந்த அலங்காரத்தில் முழு இடம் உண்டு. பழகப்போகிற எழில் அது. உப்புத்தாள் நாற்காலியை வெளியே நிறுத்துவதும் இதே ‘பழகு’தான். அது யாரோடும் பழகவில்லையே.

> சாபியில் உள்ள தனிமை எங்கே போயிற்று?

நல்ல கேள்வி. சாபியில் வாடுதலும் வெறுமையும் உண்டு. பாஷோ வழிவந்த ஹைக்கூ மரபில் அதுதான் முன்னால் நிற்கிறது. பழகெழில் அந்தக் குளிரைத் தராது, இது வெதுவெதுப்பான சொல். ஹைக்கூ கட்டுரைக்கு வேறு சொல் தேடுவோம். வீட்டுப் பொருள்களைப் பற்றிப் பேச இது போதும்.

வாபிக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘எளிமை’ போதும் என்பது என் எண்ணம். ஆனால் எந்த அளவு எளிமை என்று கட்டுரையாளர் காட்ட வேண்டும். யாமசாகியில் ரிக்யூவுடையதாகச் சொல்லப்படும் தைஆன் தேநீரறை இரண்டே இரண்டு தத்தாமி பாய் அளவு. அதே காலத்தில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி தங்கத்தால் ஒரு தேநீரறை செய்துவைத்திருந்தார். ஜப்பானிய வீட்டின் டோக்கோனோமா மாடத்தில் ஒரு தொங்கோவியம், ஒரு பூக்குடுவை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மரப்பெட்டிக்குள் இருக்கும், பருவம் மாறும்போது வெளியே வரும். இருக்கிற பழம்பொருளையெல்லாம் கூடத்தில் அடுக்கினால் அது கடை.

அப்புறம், துணைச்சொற்கள். ‘தொல்பொருள்’ வேண்டாம், அது அகழாய்வுக்கும் சட்டத்துக்கும் போய்விட்டது. விலைமதிப்புள்ள கொத்தோவுக்குப் ‘பழம்பொருள்’ என்றும், வீட்டிலும் பட்டறையிலும் கிடந்த ஃபுருதோகுவுக்குப் ‘பழம் புழங்குபொருள்’ என்றும் பிரிக்கலாம். புழங்குபொருள் நாட்டார் வழக்காற்றியலில் ஏற்கெனவே ஊன்றிய சொல்.

காலம் பொருளின் மேல் விட்ட பூச்சுக்கு ஒரே சொல் தேடி அலைய வேண்டாம். செம்புக்குக் களிம்பு, இரும்புக்குத் துரு, துணிக்கு வெளிறல் எல்லாம் நம்மிடம் உண்டு. இழுப்பறைப் பிடியைச் சுற்றி மட்டும் மரம் கறுத்து வழவழப்பாகுமே, அதற்குக் ‘கைமெருகு’ என்று வைக்கலாம்.

உடைந்த பாண்டத்தை ஒட்டிச் சீர்செய்யும் கின்ட்சுகியைத் ‘தங்கப்பசை ஒட்டு’ என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். தங்கம் அங்கே எதையும் ஒட்டுவதில்லை. ஒட்டுவது உருஷி மரத்தின் பால். அதில் கோதுமை மாவைக் குழைத்து உடைந்த துண்டுகளைச் சேர்ப்பார்கள். மண்பொடி கலந்த உருஷியால் பள்ளத்தை நிரப்பித் தேய்ப்பார்கள். உருஷி இறுகுவதற்கு ஈரப்பதம் வேண்டும் என்பதால் ஈரமான பெட்டிக்குள் நாள்கணக்கில் வைப்பார்கள். கடைசியில்தான் மெல்லிய உருஷிக் கோட்டின் மேல் தங்கப்பொடி தூவுவது. ‘பொன்னொட்டு’ என்றால் சரியாக இருக்கும். ஜப்பானிய ‘ட்சுகி’ துணியில் போடும் ஒட்டையும் குறிக்கும், நம் ‘ஒட்டு’ம் அப்படியே.

> பொதுமக்களிடம் இதெல்லாம் ஒட்டுமா?

‘மிங்கெய்’ என்ற சொல்லே 1925இல் சிந்தனையாளர் யானகி சோயெட்சுவும் குயவர்களான ஹமாதா ஷோஜியும் கவாய் கான்ஜிரோவும் சேர்ந்து ஆக்கியதுதான். மக்களின் கைவினை என்பதைச் சுருக்கினார்கள். 1936இல் தோக்கியோவின் கொமாபாவில் அந்தப் பெயரிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். சொல்லோடு பொருளையும் கண்முன்னே வைத்தார்கள். கட்டுரையாளரும் பழகெழில் என்று எழுதுகிற இடத்தில் ஒரு ஹாகி கிண்ணத்தின் படத்தைப் போட்டால் வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது.

‘போரோ’வுக்கு மட்டும் புதுச்சொல் ஆக்காதீர்கள். பருத்தி விளையாத வடக்கு ஆவோமொரியில், கிடைத்த பழந்துணியை எல்லாம் சணல்துணி மேல் அடுக்கடுக்காகத் தைத்துத் தலைமுறைகளாக உடுத்தியது அது. ‘கந்தை’ என்றே எழுதுங்கள்.