0–100 கணக்கு வேண்டாம். ஓட்டும்போது கையில் என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்

கோவைக்காரன்:

வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். வரும் செப்டம்பரில், நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் ஒன்றில், நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆசை. என் சொந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யில் அங்கே போய் வந்திருக்கிறேன். பாதை ஓரளவு பழக்கம். வெகுநாளாகச் சேர்த்த பணம் ஒரு காருக்குத்தான் போதும்.

மனத்தில் இருப்பவை நான்கு: போர்ஷே 911 ஜிடி3 (992 என்ற தலைமுறை), மெக்லாரன் 570எஸ், நிசான் ஜிடி-ஆர், அல்பீன் ஏ110. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் 0-விலிருந்து 100-ஐ எத்தனை விநாடியில் தொடுகிறது என்பதுதான் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுவல்ல. வளைவுக்குள் நுழையும்போது, பிரேக்கை விடும்போது, மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது, கைக்கும் இடுப்புக்கும் என்ன தெரிகிறது? இவற்றை ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மழைக்காலம்:

யோசிக்கவே வேண்டாம், ஜிடி-ஆர் எடுங்கள். நியூர்பர்க்ரிங் இருப்பது ஐஃபெல் மலைப்பகுதியில். ஒரு முனையில் வெயில் அடிக்கும், மறுமுனையில் சாலை நனைந்திருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற காரில் உட்கார்ந்திருக்கும் நிம்மதி மற்ற மூன்றிலும் கிடைக்காது. 2013-இல் இதே பாதையில் ஜிடி-ஆரின் நிஸ்மோ என்ற வேகமான வகை 7 நிமிடம் 8 விநாடியில் சுற்றி வந்ததை மறக்க வேண்டாம்.

வளைவு நெளிவு:

ஷாக் அப்சர்பர் செய்யும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். சோதனைக்காகக் கார்களை ஓட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. இந்த நான்கையும் ஓட்டியிருக்கிறேன்; ஜிடி3-ஐயும் ஏ110-ஐயும் வடக்குச் சுற்றிலேயே, மற்ற இரண்டையும் மலைச்சாலையிலும் சோதனைத் தடத்திலும். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குதிரைத்திறனைக் கடைசியாகப் பாருங்கள். எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது, கார் எவ்வளவு கனம், ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்துத்தான் வளைவில் உங்கள் உடம்புக்குத் தெரிவதெல்லாம் மாறுகிறது.

முதலில் 911. எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. காரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல். உங்கள் கோல்ஃபில் மூக்குத்தான் கனம். உங்கள் கையும் காலும் பழகியிருப்பது அதற்கு. கோல்ஃபில் செய்வதுபோல் பிரேக்கை முழுதாக விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால், 911-இல் முன்சக்கரங்கள் சாலையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற ஒரு வெறுமை உள்ளங்கையில் தெரியும். கார் நீங்கள் கேட்டதைவிட அகலமாகப் போகும். அதையே பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே, மிதியின் மேல் பாதத்தின் எடை மட்டும் மிச்சம் இருக்கும்போது திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் சட்டென்று கனக்கும், மூக்கு வளைவின் உட்கோட்டை நோக்கி இறங்கும். மிதியின் அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டரைக் கற்றுக்கொள்வதுதான் 911 ஓட்டக் கற்றுக்கொள்வது. வளைவின் உள்விளிம்புக்கு மிக அருகே வரும் உட்புள்ளியைத் தொட்டதும் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலாம். பின்பக்கம் அமுங்கி, ஏற்றத்தில் மாட்டுவண்டிக்குப் பின்னால் நின்று ஒருவர் தோள் கொடுத்துத் தள்ளுவதுபோல் கார் உங்களை வெளியே அனுப்பும்.

992 ஜிடி3-இல் முன்பக்க சஸ்பென்ஷனே வேறு. சாலைக்கு விற்கும் 911-க்கு இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு கைகள் பிடிக்கும் அமைப்பு) முதன்முதலில் கிடைத்தது 2021-இல் வந்த இந்த ஜிடி3-இல்தான். அதுவரை மெக்ஃபர்சன் வகை; கீழே மட்டும் கை, மேலே ஷாக் அப்சர்பரே சக்கரத்தைப் பிடித்திருக்கும். வளைவின் அழுத்தத்திலும் டயர் சாலையில் தட்டையாகப் படிந்து நிற்கிறது. நான் மேலே சொன்ன அந்த வெறுமை பழைய 911-களைவிட இதில் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. 4 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ கிடையாது, 9,000 ஆர்.பி.எம். வரை போகும். பாதத்தைக் கால் அங்குலம் நகர்த்தினால் கால் அங்குலத்துக்கு உரிய வேகம் அந்தக் கணமே வரும். வளைவின் நடுவில் காரின் சமநிலையை ஆக்ஸிலரேட்டராலேயே சரிசெய்ய இதைவிட நல்ல எஞ்சினை நான் கண்டதில்லை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை இறுக்கம். சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்புக்கு வந்து சேரும்.

மெக்லாரன் 570எஸ்-இல் எஞ்சின் உங்கள் முதுகுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவில். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தையே அச்சாகக் கொண்டு கார் திரும்புகிறது. மூக்கை இழுத்துக்கொண்டு போகும் உணர்வே இல்லை. ஆனால் இந்தக் காரை நான் நினைத்துக்கொள்வது ஸ்டீயரிங்குக்காக. மற்ற கம்பெனிகள் ஏறக்குறைய எல்லாம் மின்மோட்டாருக்கு மாறிய பிறகும் மெக்லாரன் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கைக் கைவிடவில்லை. ஸ்டீயரிங் சக்கரத்தின் மேல் ஒரு பொத்தான்கூட இல்லை. பழைய தாரில் புதுத் தார் ஒட்டுப் போட்டிருக்கும் இடத்தில் இடது சக்கரம் ஏறினால், இடது உள்ளங்கையில் ஒரு சிறு துடிப்பு. வலது சக்கரம் ஏறினால் வலதில். ஈரத்தில் பிடிப்பு குறையத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே விரல்களுக்குத் தெரிந்துவிடும். முன்கண்ணாடி தாழ்வாக இறங்குவதால் முன்சக்கரங்களின் மேல்வளைவு இரண்டும் கண்ணில் படும். வளைவின் உள்விளிம்பில் சக்கரத்தை வைக்க அது பெரிய உதவி.

குறையும் உண்டு. இரட்டை டர்போ; 3,000 ஆர்.பி.எம்.-க்குக் கீழே மிதித்தால் ஒரு சிறு காத்திருப்பு, பிறகு திடீரென்று ஒரு பாய்ச்சல். வளைவிலிருந்து வெளியேறும்போது அந்தப் பாய்ச்சலை முன்கூட்டியே கணக்கில் வைத்து மிதிக்க வேண்டும். பிரேக் மிதியும் கடினம். தொடையின் பலம் கேட்கும். முதல் அரை மணி நேரம் பழகாத பாதை ஒன்றில் இதை ஓட்டுவது சோர்வு தரும்.

ஜிடி-ஆர் பற்றி மழைக்காலம் சொன்னதை மறுக்கவில்லை. எஞ்சின் முன்னால், கியர்பெட்டி பின்னால், நடுவில் பின்னோக்கி ஒரு தண்டு, மறுபடி முன்சக்கரத்துக்கு இன்னொரு தண்டு. சாதாரணமாகப் பின்சக்கரங்கள்தான் தள்ளும். தேவைப்படும்போது பாதி வரை முன்னால் போகும். வளைவின் நடுவில் மிதித்தால் மூக்கு உள்ளே இழுக்கப்படுவது நேரிலேயே தெரியும். ஆனால் எடை ஏறக்குறைய 1,750 கிலோ. ஏ110 ஏறக்குறைய 1,100 கிலோ. ஒரே வேகத்திலிருந்து நிறுத்தும்போது ஜிடி-ஆரின் பிரேக்குகள் ஏறக்குறைய 60 சதவீதம் அதிகச் சூட்டை விழுங்க வேண்டும். ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர், இறக்கங்கள் ஏராளம். பின்பாதிக்கு வரும்போது மிதி நீளமாவது தெரிந்தால் மனம் காரை விட்டுப் பிரேக்குக்குப் போய்விடும்.

ஏ110-இல் 252 குதிரைத்திறன்தான். மற்ற மூன்றும் இதைப் போல் இரு மடங்குக்கு மேல். ஸ்பிரிங் மென்மை, கார் வளைவில் சாய்கிறது, அதை மறைப்பதும் இல்லை. பிரேக் பிடித்தால் மூக்கு இறங்குவது, விட்டால் எழுவது, திருப்பினால் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எடை போய்ச் சேருவது எல்லாம் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். எடை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை 70 கிலோமீட்டர் வேகத்திலேயே படித்துவிடலாம். ஜிடி3-இல் அதே பாடம் 140-இல்தான் தொடங்கும். ஷாக் அப்சர்பர் முழுதாக அமுங்கும் இடத்தில் இன்னொரு எண்ணெய் அறை வைத்திருக்கிறார்கள். பெரிய பள்ளத்திலும் கடைசி அடி இடியாக விழாமல் மெத்தென்று முடிகிறது. என் தொழில் இது என்பதால் சொல்கிறேன்: அந்த வேலைப்பாட்டுக்கு நான் தலைவணங்குகிறேன். கருசெல் வளைவின் சாய்ந்த கான்கிரீட் பலகைகளுக்குள் ஜிடி3 பல்லைக் கடிக்க வைக்கும். ஏ110 அதை மிதித்துக்கொண்டு போய்விடும்.

என் தீர்ப்பு: வடக்குச் சுற்றுக்கு ஏ110. மிச்சமாகும் பணத்தில் இன்னும் சில சுற்றுகள் ஓட்டுங்கள்.

மழைக்காலம்:

சேமித்த பணம் முழுவதையும் கொண்டுவருகிறவரை ரெனோ மெகானிலும் இருந்த ஒரு 1.8 லிட்டர் எஞ்சினுக்கு அனுப்பலாமா? வாழ்நாளில் ஒருமுறை என்றால் அந்தச் சத்தமும் அந்தப் பயமும் வேண்டாமா?

வளைவு நெளிவு:

எஞ்சின் சாதாரணமானது என்பது உண்மை. அதன் சத்தத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் பொதுமக்கள் நாளில் எதிர்பாராத இடங்களில் மெதுவான கார்கள் இருக்கும், மோட்டார் சைக்கிள்கள் இருக்கும், பேருந்தளவு வேன்கூடச் சில நாள் இருக்கும். ஜிடி3-இன் 510 குதிரைத்திறனில் பாதியைத்தான் அங்கே பயன்படுத்த முடியும். காரின் எல்லைக்கு அருகில் போய் நிற்கும் இன்பம்தான் அவர் கேட்டது. ஏ110-இல் அந்த எல்லை அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை:

சென்னைத் தடத்தில் ஃபார்முலா எல்ஜிபி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் ஓட்டியவன். சுவிஃப்ட் எஞ்சின், பவர் ஸ்டீயரிங் கிடையாது, சுற்று 3.7 கிலோமீட்டர். அதில் பழகியவனுக்கு இந்த நான்கும் கொஞ்சம் மூடி மறைப்பவைதான். லோட்டஸ் எலீஸ் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். 1996-இல் வந்த முதல் எலீஸ் 725 கிலோதான். அதிலும் பவர் ஸ்டீயரிங் இல்லை.

வளைவு நெளிவு:

எலீஸ் கிடைத்தால் நான் மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு அதை எடுக்கச் சொல்வேன். நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். 40-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங்குக்கு உயிர் வந்துவிடும். முன்னால் எடையே இல்லாததால் அந்த ஒல்லியான முன்சக்கரங்களைத் திருப்ப மோட்டார் எதுவும் தேவைப்படுவதில்லை. மெக்லாரன் விரல்களுக்குச் சொல்வதை எலீஸ் முழங்கை வரை சொல்லும். ஆனால் அதன் தயாரிப்பு 2021-இல் நின்றுவிட்டது, நல்ல நிலையில் இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

கோவைக்காரன்:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பிரேக்கின் கடைசி சென்டிமீட்டர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஜிடி3-தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. ஏ110 சரியான தேர்வு என்பது புரிகிறது. ஆனால் தினமும் வேலைக்குப் போகும் வழியில் போர்ஷேயின் சூஃபன்ஹவுசன் தொழிற்சாலையைக் கடந்து போகிறேன். அங்கிருந்து வரும் காரை அதற்குரிய முறையில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் உள்ளே இருந்த ஆசை. அதில் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வளைவு நெளிவு:

அப்படியானால் ஜிடி3-தான். ஆசை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு காரில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பது வீண்.

இரண்டு இடங்கள். ஷ்வெடன்கிராய்ட்ஸ், மேடேறி மறுபக்கம் தெரியாத வேகமான இடது வளைவு. மேட்டின் உச்சியில் கார் இலேசாகும். அங்கே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடாதீர்கள். எடை முன்னால் ஓடிவிடும், பின்னால் இருக்கும் எஞ்சின் தன் வழியில் வெளியே போகப் பார்க்கும். மேட்டுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, உச்சியில் மிதியைச் சிறிதளவு பிடித்தபடி கடந்து போங்கள். அதற்கு அடுத்த அரெம்பெர்க் இறுக்கமான வலது வளைவு. நான் சொன்ன அந்தப் பிரேக் பாடத்தைப் பழக அதுவே நல்ல இடம். அடுத்து ஃபுக்ஸ்ரோரே இறக்கம். அதன் அடியில் கார் சாலைக்குள் அமுங்கும், பிடிப்பு நிறைய இருப்பதாகத் தோன்றும். மறுபக்கம் ஏறியதும் அந்தப் பிடிப்பு போய்விடும், அடேனவர் ஃபார்ஸ்டின் இடது வலது இரண்டும் உடனே வரும். அமுங்கும் இடத்தில் கிடைக்கும் தைரியத்தை மேலே கொண்டுபோகாதீர்கள்.

டயர் கப் 2 என்ற, பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்த வகையாக இருந்தால், குளிர்ந்த காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு அதை நம்ப வேண்டாம். மழை வந்தால் அன்றைய தினம் சுற்றுலாவாகவே இருக்கட்டும். வலதுபுறம் ஒதுங்கி ஓட்டுங்கள், முந்துவது இடப்புறம் மட்டும். அங்கே பொதுச்சாலை விதிதான். தடுப்பு வேலியில் மோதினால் வேலிக்கும் பணம் கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில், சேதமானால் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். ஜிடி3-க்கு அது பெரிய தொகையாக இருக்கும். முடிந்தால் முதல் சுற்றுக்கு அருகில் உட்கார ஒரு பயிற்சியாளரைக் கேளுங்கள். 911-இல் பழகியவர் வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

கோவைக்காரன்:

பயிற்சியாளருக்கு எழுதிக் கேட்கிறேன் அக்கா. செப்டம்பரில் ஓட்டிவிட்டு, அரெம்பெர்கில் ஸ்டீயரிங் கனத்ததா இல்லையா என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.